செல்போன் யோசனைக் கருவிக்கு நிலையான குறிப்பு எழுதும் முறை

நூறு குழி நெல்லுக்கு யூரியா எவ்வளவு இட வேண்டும்? வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த உழவர் ஒருவர் இக்கேள்வியை உழவர் உதவியகத்தில் கேட்டால் கேட்பவருக்கும் சொல்பவருக்கும் இடையே குழப்பம் எதுவும் இல்லை. நூறு குழி என்றால் ஒரு காணி என்பது இருவரும் அறிந்ததே. அதே கேள்வியைச் செல்போனில் உள்ள செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவியிடம் கேட்டால் இன்று ஒரு விடையும் நாளை வேறொரு விடையும் வரக்கூடும்.

காரணம் எளிது. நமது பகுதியில் ஒரு குழி 576 சதுர அடி. அதாவது 24 அடிக்கு 24 அடி. நூறு குழி கொண்ட காணி 57,600 சதுர அடி, ஏறக்குறைய 1.32 ஏக்கர், அல்லது 53.5 ஆர். தஞ்சைப் பகுதியில் வழங்கும் குழியோ 144 சதுர அடிதான். அங்கே நூறு குழி என்பது ஒரு மா, ஏறக்குறைய 33 சென்ட். பெயர் ஒன்று, நிலம் நான்கில் ஒரு பங்கு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். குறுகிய கால நெல்லுக்கு எக்டருக்கு 120 கிலோ தழைச்சத்து என்றும், அது முழுவதையும் யூரியாவாகவே இடுவதாகவும் வைத்துக்கொள்வோம். யூரியாவில் தழைச்சத்து 46 சதம். நமது நூறு குழிக்கு ஏறக்குறைய 140 கிலோ யூரியா வரும். அதாவது 45 கிலோ மூட்டை மூன்றும் மேலே ஐந்து கிலோவும். தஞ்சைக் குழி என்று எண்ணிக் கணக்கிட்டால் 35 கிலோ மட்டுமே வரும். (இது கணக்கை விளக்கவே சொல்லப்பட்டது. டி.ஏ.பி. இட்டால் அதிலுள்ள தழைச்சத்தைக் கழிக்க வேண்டும். மண் பரிசோதனை முடிவுப்படியும் அளவு மாறும்.)

பாகூர்ப் பக்கத்தில் ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிப் பேச நேர்ந்தது. அவருடைய பேரன் செல்போனில் அக்கருவியைப் போட்டுக் கொடுத்து, "தாத்தாவிடம் பேரப்பிள்ளை மாதிரி பாசமாகப் பேசு" என்று அதற்குக் கட்டளையும் எழுதி வைத்திருந்தான். கருவி அப்படியே பேசியது. "வணக்கம் தாத்தா, நல்ல கேள்வி கேட்டீர்கள் தாத்தா" என்று தொடங்கி, காணிக்கு 35 கிலோ யூரியா போதும் என்று முடித்தது. பெரியவர் சிரித்துவிட்டார். "பேச்சு என் பேரன் பேச்சுதான் சார், கணக்குதான் எந்த ஊர்க் கணக்கோ" என்றார். நாற்பது ஆண்டுகள் நெல் பயிர் செய்தவர் ஆதலால் தவறு உடனே தெரிந்தது. புதிதாக நிலத்தில் இறங்கும் இளைஞருக்குத் தெரிந்திருக்குமா? தவறு எதிர்த்திசையில் நிகழ்ந்து, நாலு மடங்கு யூரியா விழுந்திருந்தால் பயிர் சாய்ந்து, குலைநோயும் புகையானும் சேர்ந்து வந்திருக்கும். பூச்சிமருந்தின் அளவில் நாலு மடங்கு தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பேரன் கட்டளை எழுதியதில் பிழை இல்லை. எதை எழுத வேண்டும் என்பதில்தான் பிழை. கருவியின் குரலை அமைத்தான்; அதன் பழக்கத்தை அமைக்கவில்லை.

கருவி எப்படி வேலை செய்கிறது?

சாட்ஜிபிடி என்ற கருவி 2022 நவம்பர் 30-ல் வெளியானது. அதன் பிறகு ஜெமினி, மெட்டா ஏஐ எனப் பல வந்துவிட்டன. இவை கோடிக்கணக்கான பக்கங்களை வைத்துப் பயிற்றுவிக்கப்பட்ட கணிப்பொறி நிரல்களாகும். நாம் கேட்டதை அடுத்து எந்தச் சொல் வருவது பொருத்தம் என்று ஒவ்வொரு சொல்லாகக் கணித்து விடையைக் கட்டுகின்றன. தமிழில் நெல் சாகுபடியைப் பற்றி எழுதப்பட்டவற்றில் காவிரிப் படுகையைப் பற்றியவை ஏராளம். ஆகவே நாம் நெல் என்றதும் கருவி குறுவை என்றும் மேட்டூர் அணை என்றும் பேசத் தொடங்கினால் வியப்பதற்கு இல்லை. நமக்கோ சொர்ணவாரி, சம்பா, நவரை. நமது நீர் ஏரி நீரும் ஆழ்குழாய்க் கிணற்று நீரும். பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்கு வரும் தென்பெண்ணை நீரை நம்பியவருக்கு மேட்டூர்க் கணக்கு உதவாது.

வெளியூரிலிருந்து தினமும் வேலைக்கு வரும் ஆள் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கெட்டிக்காரர், எந்த வேலையும் தெரிந்தவர். ஆனால் நேற்று எந்த மடையைத் திறந்தோம், எந்த வரப்பு நம்முடையது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு நாள் காலையிலும் சொல்ல வேண்டும். உரையாடல் கருவியும் அப்படியே. சில கருவிகள் முன்பு பேசியவற்றில் சிலவற்றை நினைவில் வைத்துக்கொள்கின்றன எனினும், எதை வைக்கும், எதை விடும் என்பதை நம்ப முடியாது.

இதற்கு மாற்றாகவே நிலையான குறிப்பு எழுதும் வசதி வந்தது. 'கஸ்டம் இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்' என்று அதற்குப் பெயர். சாட்ஜிபிடியில் 2023 ஜூலையில் கட்டணம் செலுத்துவோருக்கும் அடுத்த மாதமே மற்றவர்களுக்கும் தரப்பட்டது. காலையில் ஆளிடம் சொல்ல வேண்டியதை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், நாம் ஒவ்வொரு புதுப் பேச்சைத் தொடங்கும்போதும் கருவி அக்குறிப்பை முதலில் படித்துவிட்டுத்தான் நமது கேள்விக்கு வரும். இதனால் கருவியின் அறிவு கூடுவதில்லை. இருக்கும் அறிவில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை இது நிர்ணயிக்கிறது. நாள்தோறும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் குணம் கருவிக்கு வருவது இவ்விதமே.

எல்லாக் கருவிகளுக்கும் நாம் குறிப்பு எழுத இயலாது. பி.எம். கிசான் திட்டம் பற்றிய கேள்விகளுக்காக மத்திய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய கிசான் இ-மித்ரா போன்றவற்றில், அதை நடத்துவோரே குணத்தை முடிவு செய்துவிடுகிறார்கள். பொதுவான கருவிகளில் மட்டும் அந்தப் பொறுப்பு நமக்கு வருகிறது.

வில்லியனூருக்கு இது புதிதல்ல

வெளியுலகச் செய்தியை ஊருக்கு ஏற்றபடி மாற்றித் தர வேண்டும் என்ற பாடத்தை நமது பகுதி ஏற்கெனவே கற்றிருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை நடுவமாகக் கொண்டு தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. கீழூர், எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் தகவல் மையங்கள் அமைந்தன. கணிப்பொறி வைப்பதற்கு முன், மக்களுக்கு என்ன தகவல் தேவை என்பதைக் கேட்டறிந்தார்கள். வெளியிலிருந்து வந்த செய்தியை நடுவத்தில் தமிழாக்கி, அந்தந்த ஊருக்கு வேண்டியதை மட்டும் அனுப்பினார்கள். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட அலை உயர விவரத்தைத் தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும். மையத்தில் உட்கார்ந்து சொன்னவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்ப் பெண்களே. அவர்களிடம் குழி என்றால் எத்தனை அடி என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்றைய கருவிக்கும் நமக்கும் நடுவில் அத்தகைய ஆள் இல்லை. அந்த ஆள் செய்த வேலையைத்தான் நாம் குறிப்பாக எழுதுகிறோம்.

மாதிரிக் குறிப்பு

பாகூர்ப் பகுதியில் இரண்டு காணி நெல் பயிரிடுபவருக்கான மாதிரி கீழே தரப்படுகிறது. அவரவர் ஊர், நிலம், பயிருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

"நான் புதுச்சேரி மாநிலம் பாகூர் கொம்யூனில் இரண்டு காணி நிலத்தில் நெல் பயிரிடுகிறேன். எளிய தமிழில், சிறு வாக்கியங்களில் பதில் சொல். எங்கள் ஊரில் ஒரு குழி 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி. ஒரு காணி 1.32 ஏக்கர். விதை, உரம், மருந்து அளவைக் காணிக்குக் கணக்கிட்டு, பக்கத்தில் ஏக்கர் அளவையும் எழுது. எங்கள் பருவங்கள் சொர்ணவாரி, சம்பா, நவரை. பாசனம் ஏரி நீர், ஆழ்குழாய்க் கிணறு. பயிரில் கோளாறு என்று சொன்னால் உடனே மருந்து சொல்லாதே. முதலில் பயிரின் வயது, இரகம், எந்த இலையில் அறிகுறி, வயலில் எந்த இடம், இதுவரை இட்ட உரம், நிற்கும் நீர் ஆகியவற்றைக் கேள். உறுதியாகத் தெரியாவிட்டால் தெரியாது என்று முதல் வரியிலேயே சொல். கம்பெனிப் பெயர் வேண்டாம். மருந்தின் பொதுப்பெயரை மட்டும் சொல். தெளிக்குமுன் உழவர் உதவியகத்தில் கேட்கும்படி நினைவூட்டு. நான் சொல்வது தவறானால் ஒத்துக்கொள்ளாதே, காரணம் சொல்லி மறுத்துப் பேசு. என்னைப் புகழாதே. வானிலை, அணை நீர், சந்தை விலை கேட்டால் அது எந்தத் தேதியின் செய்தி என்று சொல்."

நீ என்பதா நீங்கள் என்பதா என்று சிலர் தயங்குகிறார்கள். கருவிக்கு அதில் வருத்தம் இல்லை. தெளிவாக இருந்தால் போதும்.

இக்குறிப்பில் முக்கியமான வரி, மருந்து சொல்லுமுன் கேள்வி கேள் என்பதுதான். "நெற்பயிர் மஞ்சளாக இருக்கிறது, என்ன அடிக்கலாம்?" என்று மட்டும் கேட்டால் கருவி ஏதோ ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மருந்தைச் சொல்லிவிடும். மஞ்சளுக்குக் காரணம் பல. அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துப் பற்றாக்குறையாக இருக்கலாம். புதிதாக வரும் இளம் இலைகள் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவு என்று நினைக்க இடமுண்டு. நட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் கீழ் இலைகளில் துரு நிறப் புள்ளிகள் தோன்றி வளர்ச்சி குன்றினால் துத்தநாகத்தைச் சந்தேகிக்க வேண்டும். பயிர் குட்டையாகி இலை ஆரஞ்சு கலந்த மஞ்சளாக மாறி, பச்சைத் தத்துப்பூச்சியும் காணப்பட்டால் அது துங்ரோ நச்சுயிரி நோயாக இருக்கலாம். அதற்கு உரம் தீர்வாகாது. வடிகால் இன்றி நீர் தேங்கினாலும் மஞ்சள்தான். இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியக் கேள்வி கேட்டே ஆக வேண்டும். நல்ல அலுவலர் வயலுக்கு வந்ததும் மருந்தின் பெயரைச் சொல்லமாட்டார். குனிந்து இலையைப் புரட்டிப் பார்ப்பார், நாலு கேள்வி கேட்பார். கருவியால் குனிய இயலாது, கேட்கவாவது பழக்கலாம்.

மருந்து பற்றிய வரிக்கும் காரணம் உண்டு. கருவி படித்தவற்றில் பழைய நூல்களும் அடங்கும். ஒரு காலத்தில் பல பயிர்களுக்கும் பரிந்துரைக்கப்பட்ட எண்டோசல்பானை 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. அதற்கு முந்தைய கட்டுரைகள் இன்னமும் உலகில் இருக்கின்றன. கருவி அவற்றிலிருந்தும் எடுத்துப் பேசலாம். புகையானுக்குச் செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைத் தெளித்தால் பூச்சி மறுபடி பெருகும் என்பது நாம் அனுபவத்தில் கண்டது. நீரை வடித்து, தழைச்சத்து இடுவதை நிறுத்தி, தூரின் அடிப்பாகத்தைப் பார்த்தபின் முடிவு செய்ய வேண்டிய விஷயத்தில், வாயில் வந்த மருந்தைச் சொல்லும் கருவி பகையே.

ஒத்துப்போகும் குணம்

இக்கருவிகளுக்கு இயல்பாகவே ஒரு பலவீனம் உண்டு. கேட்பவர் மனம் கோணாமல் பேசும். "யூரியாவை ஒரே தடவையில் போட்டுவிடலாம் அல்லவா?" என்று நாம் விரும்பும் விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்டால், ஆமாம் என்று சொல்லும் வாய்ப்பு அதிகம். 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஒரு புதிய பதிப்பு அளவுக்கு மீறி எல்லோரையும் புகழ்ந்து ஒத்துப்போனதால், அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றது. அந்த மாதிரிப் பேச்சு நமக்கு இனிக்கும். உரக்கடையில் நாம் கேட்டதை எல்லாம் நல்லது என்று சொல்லி எடுத்துக் கொடுப்பவரும் இனிமையாகத்தான் பேசுகிறார்.

ஆகவே பேரப்பிள்ளை போல் பேசு, அண்ணன் போல் பேசு என்று எழுதுவதில் தவறில்லை என்றாலும், பாசக் குரல் கேட்கக் கேட்க நாம் சந்தேகப்படுவதை நிறுத்திவிடுகிறோம் என்பதை மறக்கலாகாது. மாறாத குரலில் சொல்லப்படும் தவறு, சரியானதைப் போலவே காதில் விழும். என்னைக் கேட்டால், குரலுக்கு ஒரு வரியும் பழக்கத்துக்குப் பத்து வரியும் ஒதுக்கச் சொல்வேன்.

குறிப்பு எழுதிவிட்டால் கருவி என்றைக்கும் தவறாமல் கீழ்ப்படியும் என்றும் எண்ண வேண்டாம். ஒரே பேச்சை நீளமாகத் தொடர்ந்தால் தொடக்கத்தில் சொன்னதன் பிடி தளர்ந்து, மறுபடி ஏக்கருக்கும் எக்டருக்கும் தாவும். கேள்வி கேட்பதை விட்டு நேரே மருந்துக்கு வரும். அவ்வாறு கண்டால் அந்தப் பேச்சை முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே வழி. ஒவ்வொரு கோளாறுக்கும் தனித்தனிப் பேச்சு வைத்துக்கொள்வது நல்லது.

வானிலையிலும் வெள்ளத்திலும் குறிப்பு நம்மைக் காப்பாற்றாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பெருகிப் பாகூர்ப் பகுதி வயல்களில் புகுந்தபோது தேவைப்பட்டது அந்த மணி நேரத்துச் செய்தி. எப்போதோ படித்ததை வைத்துப் பேசும் கருவி அதைத் தராது. வலைத்தளங்களைத் தேடிச் சொல்லும் கருவிகளும் பழைய செய்தியை எடுத்துத் தரக்கூடும். தேதி கேட்கும் வரியைச் சேர்த்தது அதனால்தான்.

எங்கே எழுதுவது?

சாட்ஜிபிடியில் அமைப்புகள் பகுதிக்குச் சென்றால் 'பெர்சனலைசேஷன்' என்று இருக்கும். அதனுள் 'கஸ்டம் இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்' என்ற கட்டத்தில் தமிழிலேயே எழுதிச் சேமிக்கலாம். ஜெமினியில் 'ஜெம்' என்ற பெயரில் இதே போன்ற வசதி உண்டு. இத்தகைய இடம் இல்லாத கருவியாயின், குறிப்பைச் செல்போனில் தனியே சேமித்து வைத்து, ஒவ்வொரு பேச்சிலும் முதல் செய்தியாக ஒட்டினால் பலன் ஏறக்குறைய ஒன்றே. தட்டச்சு வராதவர்கள் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளிடம் ஒருமுறை எழுதித் தரச் சொல்லலாம். பிறகு கேள்வியை வாயால் கேட்டாலும் குறிப்பு செயல்படும். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைக் குறிப்பிலோ கேள்வியிலோ எழுத வேண்டாம்.

குறிப்பைச் சோதிக்காமல் நம்ப வேண்டாம். விதைக்குமுன் நூறு விதையை ஈரச்சாக்கில் வைத்து முளைப்புத் திறன் பார்க்கிறோம். நெல்லுக்கு எண்பதாவது முளைக்க வேண்டும் என்கிறோம். அதுபோல, விடை நமக்கே நன்றாகத் தெரிந்த பத்துக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் இரகத்தின் வயது என்ன, காணிக்கு எத்தனை கிலோ விதை, கடந்த ஆண்டு உங்கள் வயலில் வந்த நோய்க்கு அலுவலர் என்ன சொன்னார் என்பன போன்றவை. அதே கேள்விகளை இரண்டு நாள் கழித்துப் புதுப் பேச்சில் மறுபடி கேளுங்கள். அளவு மாறினால் குறிப்பில் எங்கோ ஓட்டை இருக்கிறது. வேண்டுமென்றே ஒரு தவறான செய்தியைச் சொல்லி, கருவி மறுக்கிறதா என்றும் பாருங்கள். ஆமாம் போட்டால் மறுத்துப் பேசச் சொன்ன வரியைக் குறிப்பின் முதல் வரியாக மாற்றி மறுபடி சோதியுங்கள்.

இரு வேறு பயிர் வைத்திருப்பவர், உதாரணமாக ஒரு பக்கம் கரும்பும் ஒரு பக்கம் நெல்லும் உள்ளவர், இரண்டையும் எந்தெந்தக் காணியில் என்று குறிப்பிலேயே பிரித்து எழுத வேண்டும். சம்பா அறுவடை முடிந்து நவரைக்கு நாற்று விடும்போது இரகத்தையும் பருவத்தையும் மாற்ற மறக்க வேண்டாம். போன பருவத்துக் குறிப்பு அப்படியே கிடந்தால் கருவி போன பருவத்துப் பயிருக்குத்தான் யோசனை சொல்லும்.

கருவி சொன்ன மருந்தோ அளவோ புதிதாகத் தோன்றினால் வாங்குவதற்கு முன் உங்கள் பகுதி உழவர் உதவியகத்திலோ, குரும்பாப்பேட்டிலுள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ செல்போனைக் காட்டிக் கேளுங்கள். பாதிக்கப்பட்ட தூர் ஒன்றை வேரோடு பிடுங்கி எடுத்துச் செல்வது இன்னும் நல்லது. நேரில் போக முடியாத நாளில் கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழில் பேசலாம். அங்கே பேசும்போதும் குழிக் கணக்கில் கேட்காமல் ஏக்கரில் கேளுங்கள்.